வாளும் மந்திரமும் சேர்ந்த வகுப்பைப் பாதியாக்குவது தீர்வாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை நடத்திச் செல்லும் விளையாட்டுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். இந்தப் பொழுதுபோக்குக்குத் தமிழ் நாளிதழில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. கட்டுரையின் பெரும்பகுதியோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும், புதிதாக ஆட்டம் நடத்த முன்வருபவர்களுக்கு அதில் சொல்லப்பட்டிருந்த ஒரு யோசனை, அதை நம்பிச் செய்துபார்ப்பவர்களின் ஆட்டத்தைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுவதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். வாளும் வீச வேண்டும், மந்திரமும் போட வேண்டும் என்று ஓர் ஆட்டக்காரர் கேட்டால், போர்வீரனின் ஆற்றலில் பாதியையும் மந்திரவாதியின் ஆற்றலில் பாதியையும் எடுத்துக் கொடுத்துவிட்டால் சமநிலை தானாக அமைந்துவிடும் என்பதே அந்த யோசனை. கேட்க நியாயமாகத் தோன்றும் இந்தக் கணக்கு, இவ்விளையாட்டு தோன்றிய ஐம்பது ஆண்டுகளில் செய்துபார்க்கப்பட்டு, தவறென்று கண்டு, ஒட்டுப்போட்டுத் திருத்தப்பட்ட கணக்கு.

இதை இப்போது பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. இவ்வகை விளையாட்டான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்புக்கான அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு அதை யாரும் மொழிபெயர்க்கலாம், மாற்றி எழுதலாம், விற்கவும் செய்யலாம். தமிழில் விதிகளை எழுதிப்பார்க்க விரும்புபவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஆனால் அந்தத் தொகுப்பில் ஒவ்வொரு வகுப்புக்கும், அதாவது பாத்திரம் ஏற்கும் ஒவ்வொரு தொழிலுக்கும், ஓர் உட்பிரிவு மட்டுமே இடம்பெற்றிருக்கிறது. போர்வீரனான ஃபைட்டருக்கு சாம்பியன், மந்திரவாதியான விஸார்டுக்கு எவொக்கேஷன். மந்திரம் கற்ற போர்வீரனான எல்ட்ரிச் நைட்டும், வாள் பழகிய மந்திரவாதியான பிளேட்சிங்கரும் அதில் இல்லை. ஆகவே அந்த இலவசத் தொகுப்பை வைத்து ஆடும் மேசைகளில் இப்படியொரு பாத்திரத்தை யாராவது ஆசைப்பட்டுக் கேட்டால், ஆட்டத்தை நடத்துபவரே வகுப்பை உருவாக்கியாக வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில்தான் பாதிக்குப் பாதி என்ற எண்ணம் எல்லோருக்கும் முதலில் வருகிறது.

இந்த விளையாட்டின் முதல் விதிகளை கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்டபோது மூன்றே வகுப்புகள் இருந்தன. வாள் பிடிப்பவன், மந்திரம் போடுபவன், கிளெரிக் என்னும் பூசகன். இரண்டு வேலையும் செய்யக்கூடியவை எல்ஃப் என்னும் கற்பனை இனத்துப் பாத்திரங்கள் மட்டும். அவற்றுக்கு விதித்த நிபந்தனை, இன்று திரும்பிப் பார்க்கையில், வியப்பூட்டும் அளவுக்குத் தெளிவானது: ஒரு சாகசத்துக்கும் அடுத்த சாகசத்துக்கும் இடையில் விருப்பப்படி வகுப்பை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒரே ஆட்டத்தின் நடுவில் மாற்றக்கூடாது. மேலும், பாத்திரம் அனுபவத்தால் ஒவ்வொன்றாக ஏறும் நிலைகளில், போர்வீரனாக 4ஆம் நிலைக்கும் மந்திரவாதியாக 8ஆம் நிலைக்கும் மேல் எல்ஃப் உயர முடியாது. எந்த நிலைக்கு மேல் போகக்கூடாது என்ற தடையை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. அந்த நிலையை எட்டும்வரை அது யாரையும் கட்டுப்படுத்தாது, எட்டிய பிறகு அந்தப் பாத்திரத்தை ஆடவே விடாது. முதல் நிபந்தனை அப்படியில்லை. இரண்டு திறமையும் உன்னிடம் இருக்கட்டும், ஆனால் எந்த நேரத்தில் எதைப் பயன்படுத்துகிறாய் என்பதற்கு நீ ஒரு தேர்வு செய்தாக வேண்டும் என்று அது சொன்னது. இந்த ஒரு கருத்தை அடுத்து வந்த பதிப்புகள் நெடுங்காலம் கைவிட்டுவிட்டு வேறு வழிகளில் அலைந்தன என்பதே என் வாதம்.

அலைந்த வழிகளில் ஒன்று, நிலை உயரத் தேவையான அனுபவப் புள்ளிகளை அதிகமாகக் கேட்பது. 1981இல் வந்த எளிய பதிப்பில் எல்ஃப் என்பதே தனி வகுப்பாக இருந்தது. ஃபைட்டர் 2,000 புள்ளிகளில் இரண்டாம் நிலைக்கு வந்துவிடுவார். எல்ஃபுக்கு 4,000 வேண்டும். இருமடங்கு விலை என்பதால் கடுமையாகத் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு நிலைக்கும் தேவையான புள்ளி முந்தையதைப்போல இருமடங்காவதால், 32,000 புள்ளிகள் சேர்ந்த நாளில் ஃபைட்டர் ஆறாம் நிலையிலும் எல்ஃப் ஐந்தாம் நிலையிலும் இருப்பார்கள். ஒரே ஒரு நிலை பின்தங்கியதற்கு ஈடாக ஒரு மந்திரவாதியின் முழுப் பட்டியலும் கையில் கிடைக்கிறது. 1978இன் மேம்பட்ட விதிகளிலும் இதே நிலைமைதான். அங்கே எல்ஃப் பாத்திரம் தான் ஈட்டிய புள்ளிகளை இரு வகுப்புகளுக்கும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒருவரிடம் 40,000 புள்ளிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தனி ஃபைட்டராக இருந்தால் ஆறாம் நிலை. இரண்டாகப் பிரித்தால் வகுப்புக்கு 20,000; ஃபைட்டராக ஐந்தாம் நிலை, மந்திரவாதியாக நான்காம் நிலை. பாதி கொடுத்தோம் என்று நடத்துபவர் நினைத்திருக்க, ஆட்டக்காரர் ஏறக்குறைய முழுமையாகப் பெற்றிருக்கிறார். பட்டியலில் இருமடங்குப் பெருக்கம் நின்று, ஒவ்வொரு நிலைக்கும் ஒரே அளவு புள்ளி கேட்கத் தொடங்கும் உயர்நிலைகளில்தான் பிரிவினையின் வலி தெரியும். அதற்குள் பெரும்பாலான மேசைகளில் கதையே முடிந்திருக்கும்.

இன்னொரு வழி, கவசம் அணிந்தால் மந்திரம் பிசகும் என்ற விதி. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு இதற்குச் சதவீதமே குறித்தது. முழு இரும்புக் கவசத்துக்கு 35, சங்கிலிக் கவசத்துக்கு 30, தோல் கவசத்துக்குக்கூட 10. இதில் எனக்குள்ள மனத்தாங்கல் எண்களைப் பற்றியது அன்று. ஒரு சண்டையில் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கும்போது தன் முறை வருவதற்கு ஒருவர் சில சமயம் கால்மணி நேரம் காத்திருக்கிறார். அப்படிக் காத்திருந்து, இருப்பதில் சிறந்த மந்திரத்தைத் தேர்ந்து, அறிவித்து, பகடை உருட்டி, ‘பிசகிவிட்டது, அடுத்தவர்’ என்று கேட்பது விளையாட்டே ஆகாது. நடைமுறையில் யாரும் அந்த ஆபத்தை ஏற்கவில்லை, கவசத்தைக் கழற்றிவிட்டார்கள். கவசமணிந்த மந்திரவீரன் என்ற ஆசையோடு வந்தவர் கவசமில்லாத இரண்டாந்தர மந்திரவாதியாக உட்கார்ந்திருப்பதைத்தான் அந்த விதி சாதித்தது.

இனி, கட்டுரையாளரின் பாதிக்குப் பாதிக்கு வருகிறேன். அதே மூன்றாம் பதிப்பில் ஒவ்வொரு நிலை உயரும்போதும் எந்த வகுப்பையும் எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். பத்தாம் நிலையில் ஐந்து ஃபைட்டர், ஐந்து விஸார்ட் என்று ஒருவர் சரிபாதியாக எடுத்தால் கிடைப்பது என்ன என்று பாருங்கள். பகடையோடு கூட்டும் தாக்குதல் எண் பத்துக்குப் பதில் ஏழு, அது பரவாயில்லை. ஆனால் மந்திரங்களை வலிமைக்கேற்பப் படிகளாகப் பிரித்திருக்கிறார்கள்; முழு விஸார்ட் அந்த நிலையில் ஐந்தாம் படி மந்திரங்களைப் போடுகையில் இவர் மூன்றாம் படியோடு நிற்கிறார். முழு விஸார்டின் தீக்கோளம் பத்து ஆறுமுகப் பகடைகள் அளவுக்குச் சுடும்; இவருடையது ஐந்து. எதிரிக்கு மந்திரத் தடுப்பு இருந்தால் அதை உடைக்கவும் இவருடைய ஐந்து நிலைதான் கணக்கு. அதாவது, வாள்வீச்சு நிலைக்கு ஏற்ப நேர்கோட்டில் வளர்கிறது, மந்திரமோ படிக்குப் படி பலமடங்காக வளர்கிறது. நேர்கோட்டில் வளர்வதைப் பாதியாக்கினால் பாதி மிஞ்சும். மடங்காக வளர்வதைப் பாதி தூரத்தில் நிறுத்தினால் மிஞ்சுவது பாதியைவிட மிகக் குறைவு. இந்தக் குழியை நிரப்பத்தான் பிறகு எல்ட்ரிச் நைட் என்ற சிறப்பு வகுப்பை விதிப்புத்தகத்தில் சேர்த்து, தாக்குதலும் மந்திரமும் ஏறக்குறைய ஒன்றாகவே வளர வழி செய்தார்கள்.

2014இன் ஐந்தாம் பதிப்பில் எல்ட்ரிச் நைட் ஃபைட்டரின் உட்பிரிவானது. மந்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது அதன் அளவு. விஸார்ட் ஐந்தாம் நிலையில் எறியத் தொடங்கும் தீக்கோளத்தை இவர் பதின்மூன்றாம் நிலையில்தான் கற்கிறார். அப்போது அதன் சராசரிச் சேதம் 28. அதே முறையில் பெரிய வாளால் மூன்று முறை வெட்டியிருந்தால், மூன்றும் பட்டால், சுமார் 36. கூட்டமாக எதிரிகள் நின்றால் தீக்கோளம் மேல் என்பது உண்மை. ஆனால் புத்திக்கூர்மையைவிட வலிமையில் புள்ளிகளைப் போட்டிருக்கும் இந்த வீரனின் மந்திரத்தை அந்த நிலையின் எதிரிகள் எளிதில் தாங்கிவிடுவார்கள். பல எல்ட்ரிச் நைட்டுகளின் சண்டைகளை நடத்தியதில் நான் கண்டது, அவர்கள் தாக்கும் மந்திரங்களை அநேகமாகத் தொடுவதே இல்லை. எதிரி அடிக்கும் கணத்தில், தம்மை அடிக்க எதிரி எட்டவேண்டிய கவச எண்ணை ஐந்து கூட்டும் ஷீல்டு மந்திரம் ஒன்றுக்கே, ஒரு நாளில் இத்தனை மந்திரம் என்று கிடைக்கும் தம் மந்திர இருப்பைச் செலவழிக்கிறார்கள். வகுப்பு பலவீனமானது என்று சொல்ல மாட்டேன். அது நன்றாகவே நின்று பிடிக்கும். ஆனால் வாளும் மந்திரமும் ஒரே உடலில் சேர்ந்து இயங்க வேண்டும் என்று கேட்டவருக்குக் கிடைத்தது, அவ்வப்போது அடி படாமல் தப்பிக்கும் சாதாரண வீரன். 2024இன் திருத்தத்தில், ஏழாம் நிலை முதல், ஒரு வெட்டுக்குப் பதிலாக ஒரு சிறு மந்திரத்தைப் போடலாம் என்று மாற்றியதால் இந்தக் குறை ஓரளவு தீர்ந்தது.

கலந்ததற்குப் பாதி பலம் கொடுக்கக்கூடாது என்றால் முழுப் பலமும் கொடுத்துவிடலாமா என்று கேட்கலாம். அதுவும் நடந்திருக்கிறது, என்ன விளைந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

2009இல் தொடங்கிய பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டில் 2011இல் மேகஸ் என்ற வகுப்பு சேர்ந்தது. இதுவரை வந்த கலப்பு வகுப்புகளில் நான் மிக விரும்புவது இதுதான், ஆகவேதான் அதன் குறையை அருகிலிருந்து காட்ட விரும்புகிறேன். மேகஸ் ஒரு கையால் வாள் வீசிக்கொண்டே மறுகையால் மந்திரம் போடலாம். தொட்டால் பாயும் மந்திரத்தை வாளின் வழியே பாய்ச்சலாம். ஐந்தாம் நிலை மேகஸ் ஒருவர் தம் முறையில் மின்னதிர்ச்சி மந்திரத்தை எடுக்கிறார். அது முதல் படி மந்திரம்தான். ஆனால் சேதம் ஐந்து ஆறுமுகப் பகடைகள், சராசரி 17.5. அவர் கையில் வளைந்த சிமிடர் வாள். தம் மந்திர ஊற்றிலிருந்து ஒரு புள்ளி செலவழித்து வாளைக் கூர்மையாக்கியிருப்பதால், இருபது முகப் பகடையில் 15 முதல் 20 வரை எது விழுந்தாலும், சேதத்தை இருமடங்காக்கும் அடியான கிரிட்டிகலுக்கு வாய்ப்பு. உறுதிப்படுத்தும் உருட்டலும் வென்றால் மந்திரத்தின் சேதமும் இருமடங்காகும், 35. அந்த விளையாட்டில் ஓர் ஓகர் அரக்கனின் உயிர்ப் புள்ளிகளே 30 தான். வாளின் சொந்தச் சேதத்தை நான் இன்னும் சேர்க்கவில்லை. அந்த முறையிலேயே வாளால் இன்னொரு வெட்டும் உண்டு. அதே நிலையில் பக்கத்தில் நிற்கும் ஃபைட்டருக்கு வழக்கமாக ஒரு முறைக்கு ஒரே வெட்டு.

இதற்கெல்லாம் இரண்டு புள்ளித் தாக்குதல் குறைவு என்ற சிறு தண்டனை இருக்கிறது. ஆனால் உண்மையான ஓட்டை அதில் இல்லை. வாள் குறிதவறினாலும் மந்திரம் வீணாவதில்லை. அது கையிலேயே தங்கியிருந்து அடுத்து எப்போது வாள் படுகிறதோ அப்போது பாயும். ஆகவே மேகஸ் எதையும் பணயம் வைப்பதில்லை. பணயம் இல்லாத இடத்தில் தேர்வும் இல்லை. எந்த மேசையில் பார்த்தாலும் மேகஸ் என்றால் அதே சிமிடர், அதே மின்னதிர்ச்சி, அதே வரிசை. மந்திரப் பட்டியலில் எத்தனையோ அழகான மந்திரங்கள் இருந்தும் அவற்றை யாரும் சீண்டாமல் போனதற்கு ஆட்டக்காரர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. விதி அவர்களை அந்த ஒரே பாதையில் நடத்துகிறது.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் புனித வீரனான பாலடினிடமும் 2014 முதல் இதே ஓட்டை இருந்தது. வாள் பட்டது என்று தெரிந்த பிறகு, அது கிரிட்டிகலா என்பதையும் பார்த்த பிறகு, தெய்வீக அடியைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம். ஒரே முறையில் இரண்டு வெட்டிலும் சேர்க்கலாம். 2024இல் அதை மந்திரமாகவே மாற்றி, ஒரு முறைக்கு ஒன்றே கிடைக்கும் துணைச் செயலைச் செலவழிக்க வைத்ததால் ஒரு முறைக்கு ஒன்றென்று ஆகிவிட்டது. பாலடின் பிரியர்கள் பலர் இதற்கு வருந்தினார்கள். நான் அந்த மாற்றத்தை வரவேற்கிறேன், ஆனால் பகடை விழுந்த பின்னரே முடிவெடுக்கலாம் என்ற சலுகையை அதில் அப்படியே விட்டுவைத்தது குறை என்றே நினைக்கிறேன்.

என் பரிந்துரையின் வேர் இதில் இருக்கிறது. கலப்பு வகுப்பிடம் திறனைக் குறைக்கச் சொல்லாமல், காலத்தையும் துணிவையும் விலையாகக் கேட்க வேண்டும். பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பில் 2021இல் திரும்பி வந்த மேகஸ் இதைச் செய்துகாட்டுகிறது. அந்தப் பதிப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறைக்கு மூன்று செயல்கள். வாளில் மந்திரத்தை ஏற்றி அடிக்க இரண்டு செயல்கள் போய்விடும். மறுபடி அப்படி அடிக்க வேண்டுமானால் இடையில் ஒரு செயலைச் செலவிட்டு வாளைத் தயார்ப்படுத்தியாக வேண்டும். வாளுக்கும் மந்திரத்துக்கும் சேர்த்து உருட்டுவது ஒரே பகடை. தவறினால் இரண்டும் தவறும். கணக்கு இப்படி ஆகிறது: எதிரி அசையாமல் எதிரே நின்றால் மேகஸ் ஒவ்வொரு முறையும் அடிக்கலாம், தயார்ப்படுத்தலாம், மூன்று செயலும் முடிந்தது. எதிரி இரண்டடி பின்வாங்கினால் போதும். அவரை எட்டுவதற்கு ஒரு செயல், அடிக்க இரண்டு, தயார்ப்படுத்த ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே அடுத்த முறை அவர் வேறொன்றைச் செய்தாக வேண்டும். நடத்துபவர் எதிரிகளை எங்கே நிறுத்துகிறார் என்பது திடீரென்று பொருள் பெறுகிறது. தோழர்கள் எதிரியைப் பிடித்து நிறுத்தி உதவுவதும் பொருள் பெறுகிறது. ஃபைட்டர் எதிரியின் வழியை மறித்து நிற்க, மேகஸின் அடி விழுகிறது. இருவருக்கும் அந்தச் சண்டையில் இடமிருக்கிறது.

மந்திரத்தின் அளவிலும் அந்தப் பதிப்பு நல்ல முடிவெடுத்தது. மேகஸுக்கு வளர்ந்த நிலையில் அடிப்படையாக நான்கே மந்திர இருப்புகள். இரண்டு மிக உயர்ந்த படியில், இரண்டு அதற்கு அடுத்த படியில். எண்ணிக்கை மிகக் குறைவு, ஆனால் பதினெட்டாம் நிலை வரை படியில் விஸார்டுக்குப் பின்தங்குவதில்லை. மடங்காக வளரும் ஒன்றை எங்கே கட்டுப்படுத்த வேண்டும் என்பதற்கு இதுவே சரியான விடை என்று கருதுகிறேன்: உயரத்தைக் குறைக்காதீர்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள். அந்த நான்கும் தீர்ந்துவிட்டால் அவர் வெறும் வாளோடு நிற்க வேண்டியதும் இல்லை. இருப்பைத் தொடாத சிறு மந்திரங்களை நாள் முழுதும் வாளில் ஏற்றிக்கொள்ளலாம். தவறினாலும் அதில் இழப்பு சிறிது. பெரிய மந்திரத்தை ஏற்றும்போதுதான் மேசையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பகடையைப் பார்க்கிறது.

காப்பைப் பற்றித் தனியே எழுத வேண்டும், ஏனெனில் வீட்டில் வகுப்பு உருவாக்குபவர்கள் எல்லோரும் சேதத்தை எண்ணிப் பார்ப்பார்கள், காப்பை எண்ணுவதில்லை. ஐந்தாம் பதிப்பின் பிளேட்சிங்கர் ஒரு முழு விஸார்ட். மந்திரத்தில் எதையும் இழக்காதவர். ஆறாம் நிலையில் அவருக்குப் புத்திக்கூர்மை 18, சுறுசுறுப்பு 16 என்று வையுங்கள். மந்திரக் கவசத்தால் 13, சுறுசுறுப்பால் 3, வாட்பாடல் என்ற தனித்திறனால் 4, ஆகக் கவச எண் 20. பக்கத்தில் இருக்கும் ஃபைட்டர் 1,500 பொற்காசு கொடுத்து முழு இரும்புக் கவசம் வாங்கி, கேடயமும் பிடித்து எட்டுவது அதே 20. இனி பிளேட்சிங்கர் ஷீல்டு மந்திரம் போட்டால் 25. ஐந்தாம் பதிப்பு ஓகரின் தாக்குதல் எண் 6. ஃபைட்டரை அடிக்க அவனுக்குப் பகடையில் 14 வேண்டும். பிளேட்சிங்கரை அடிக்க 19 வேண்டும். இருபதில் ஏழு முகங்களுக்கும் இரண்டு முகங்களுக்கும் உள்ள வித்தியாசம் இது. விஸார்டுக்கு உயிர்ப் புள்ளிகள் குறைவுதானே, 58க்குப் பதில் 38தானே என்று வாதிடலாம். அடியே படாதவரிடம் அந்தக் குறைவு எப்போது வெளிப்படும்?

எங்கள் மேசையில் ஒரு சுரங்க வாசலில் இது அப்படியே நடந்தது. ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய குறுகலான வாசல். உள்ளிருந்து ஓகர்கள் வருகிறார்கள். வழக்கமாக அந்த இடம் ஃபைட்டருடையது. பாத்திரத்தை முதல் நிலையிலிருந்து வளர்த்து, கவசத்துக்காகக் காசு சேர்த்து, முந்தைய ஆட்டத்தில்தான் அதை வாங்கி அணிந்திருந்த தம்பி ஒருவர் எழுதிவைத்திருந்த எண்களைப் பார்த்தார், பக்கத்தில் பிளேட்சிங்கர் ஆடும் நண்பரின் தாளைப் பார்த்தார். ‘அவரே முன்னால் நிற்கட்டும் அண்ணா, நான் பின்னால் தீப்பந்தத்தைப் பிடித்துக்கொள்கிறேன்’ என்றார். குழுவுக்கு அதுவே சிறந்த முடிவு என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை. அன்றைய சண்டையை எளிதாக வென்றார்கள். அடுத்த வாரம் அந்தத் தம்பி வேறு பாத்திரம் எழுதிக்கொண்டு வந்தார். சமநிலை குலைந்ததா என்பதற்கு எண்களைவிட இது எனக்கு நம்பகமான அளவுகோல்: ஒற்றை வகுப்பில் ஆடுபவர் தனக்கே உரிய இடத்தில் நின்றுகொண்டிருக்கிறாரா? கலப்பு வகுப்பு வலிமையாக இருப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. பக்கத்து நாற்காலியைக் காலியாக்கும் வலிமைதான் கூடாது.

நடத்துபவர்களின் கையிலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. 2014இன் நடத்துநர் வழிகாட்டி, மந்திர இருப்பை மீட்டுத் தரும் நீண்ட ஓய்வுகள் இரண்டுக்கு இடையில் ஆறு முதல் எட்டுச் சண்டைகள் நிகழும் என்ற எதிர்பார்ப்பில் வகுப்புகளை எடைபோடுகிறது. நடைமுறையில் வாரம் ஒருமுறை மூன்று நான்கு மணி நேரம் ஆடும் மேசையில் கதையின் ஒரு நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு சண்டைதான் வருகிறது. நாள் முழுதுக்கும் என்று கொடுத்த இருப்பை ஒரே சண்டையில் கொட்டிவிட முடிந்தால், கலப்பு வகுப்பு எவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருந்தாலும் சமநிலை நிற்காது. உங்கள் மேசையில் நாளுக்கு ஒரு சண்டைதான் என்றால், மந்திர இருப்பை நாளுக்கு என்று கொடுக்காமல் சண்டைக்கு ஒன்று என்று கொடுத்துவிடுவது நேர்மையானது.

இலவச விதித்தொகுப்பை வைத்துத் தமிழில் இப்படியொரு வகுப்பை எழுத விரும்புபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஃபைட்டரின் உடலை அடிப்படையாக எடுங்கள், ஆனால் ஒரு முறைக்கான வெட்டுகளை மொத்தம் இரண்டோடு நிறுத்திவிடுங்கள். மந்திரமேற்றிய அடியை ஒரு முழுச் செயலாக்குங்கள். அது பட்டாலும் தவறினாலும், அடுத்த முறையில் வெறும் வாளோ வெறும் மந்திரமோ பயன்படுத்திய பிறகே மறுபடி அப்படி அடிக்கலாம் என்று வையுங்கள். எந்த மந்திரம் என்பதைப் பகடையைக் கையில் எடுக்கும் முன்பே ஆட்டக்காரர் அறிவிக்க வேண்டும். தவறினால் அந்த இருப்பு போனது போனதுதான். மந்திரங்களின் படியில் கை வைக்காதீர்கள், பட்டியலைக் குறுக்குங்கள். குறுக்கும்போது பறப்பது, மறைவது, உருமாறுவது போன்றவற்றை விஸார்டுக்கே விட்டுவிடுங்கள்; சண்டையில்லாத காட்சிகளில் விஸார்டின் இடம் அவற்றில்தான் இருக்கிறது. ஷீல்டு மந்திரத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். தாக்க வலிமையும் புத்திக்கூர்மையும் இரண்டுமே தேவை என்ற நிலையையும் மாற்றாதீர்கள். 2017இல் வந்த, வார்லாக் என்ற மந்திர வகுப்பின் உட்பிரிவான ஹெக்ஸ்பிளேடு, மந்திரத்துக்கும் வாளுக்கும் ஒரே வசீகர எண்ணே போதும் என்றாக்கியதும், பாலடின் முதல் பலரும் அந்த வகுப்பில் ஒரே ஒரு நிலையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடியதை நினைவில் கொள்ள வேண்டும்.

எழுதிய பிறகு, அதே நிலையில் ஒரு ஃபைட்டரையும் ஒரு விஸார்டையும் பக்கத்தில் வைத்து ஐந்தாம் நிலையிலும் பதினோராம் நிலையிலும் ஆடிப்பாருங்கள். தனியாக நிற்கும் பெரிய எதிரியோடு ஒரு சண்டை, இடையில் ஓய்வில்லாமல் நான்கைந்து சிறு சண்டைகள், வாளே தேவைப்படாத ஒரு அரண்மனை விருந்து. மூன்றிலும் மூவரும் தத்தம் முறையில் என்ன செய்தார்கள் என்பதைத் தாளில் குறித்து வாருங்கள். விருந்தில் ஃபைட்டருக்குக் குறிக்க எதுவும் இல்லையென்றால் அது கலப்பு வகுப்பின் குற்றமல்ல, ஃபைட்டருக்கே தனியாக ஏதேனும் செய்ய வேண்டும். அதை வேறொரு சமயம் பேசலாம். ஆனால் பெரிய எதிரியோடான சண்டையில் மூவரில் கலப்பு வகுப்பினரின் தாள் மட்டும் நிரம்பியிருந்தால் மந்திரமேற்றிய அடியை மறுபடி பயன்படுத்தும் இடைவெளியை ஒரு முறையிலிருந்து இரண்டு முறையாக நீட்டுங்கள்; சேதத்தின் பகடையைக் குறைக்காதீர்கள்.

தொடரின் அடுத்த பகுதியில் வகுப்பு உருவாக்கத்தைக் கட்டுரையாளர் விரிவாக எழுதவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அப்போது பாதிக்குப் பாதி யோசனையை விலக்கிக்கொண்டு, ஐந்தாம் நிலை மந்திரவீரன் ஒருவனின் முழு விதித்தாளை, நாற்பது வரிகளுக்குள் அடங்கும் அளவில், இணைப்பிலேயே அச்சிட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். படிப்பவர்கள் அந்த வார இறுதியிலேயே அதைத் தங்கள் மேசையில் ஆடிப்பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்ல வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்